கையைக் கண்டால் சீறும் காக்டெயில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காக்டெயில் பறவையைப் பற்றியவை. அதிலும் "கடிக்கிறது, என்ன செய்ய?" என்பதுதான் அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். முதல் கேள்விக்கான பதில் கொஞ்சம் நீளம். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வந்தால் நல்லது, அதில் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

கோவையில் ஒரு கடையில் சாம்பல் நிறக் காக்டெயில் வாங்கி வந்தோம். நான்கு மாதக் குஞ்சு, ஒரே வாரத்தில் பழகிவிடும் என்றார் கடைக்காரர். இரண்டு மாதம் ஆகிவிட்டது. கூண்டுக்குள் கையை விட்டாலே பாம்பு மாதிரி சீறுகிறது, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது, விரலைக் கவ்வினால் விடுவதில்லை. தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது போடும் கையுறையைப் போட்டுக்கொண்டு தினமும் பிடித்து உட்கார வைத்தால் தானாகப் பழகிவிடும் என்கிறார் என் கணவர். செய்யலாமா?
*வாசகி, கோத்தகிரி*

வேண்டாம். கையுறை கவாத்துக்கே இருக்கட்டும். பிடித்து வைத்தால் பறவை கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போகும், அதைப் பார்த்து பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் அது தப்பிக்க வழியில்லை என்று கைவிட்ட நிலை. அடுத்த நாள் அதே கையுறையைப் பார்த்ததும் கூண்டின் மூலையில் மோதி இறகை உடைத்துக்கொள்ளும்.

காக்டெயில் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் வறண்ட வெளிகளில் கூட்டமாகத் திரியும் பறவை. காக்கட்டூ குடும்பத்தில் மிகச் சிறியது இதுதான், எடை 80 முதல் 120 கிராம் வரை. தரையில் இறங்கிப் புல்விதை பொறுக்குகிற பறவை என்பதால் மேலிருந்து வரும் எதுவும் அதற்கு எமன். நீங்கள் கூண்டின் மேல்கதவைத் திறந்து கையை இறக்கும்போது அது பார்ப்பது உங்கள் அன்பை அல்ல, இறங்கி வரும் பருந்தின் காலை. அதுவும் போக, உங்கள் பறவைக்குக் கைகளோடு முன் அனுபவம் இருக்கிறது. பண்ணையில் ஒரு கை பிடித்திருக்கும், கடையில் ஒரு கை வலைபோட்டுப் பிடித்திருக்கும், இன்னொரு கை அட்டைப்பெட்டியில் அடைத்திருக்கும், அப்புறம் மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க இருட்டில் ஆடிக்கொண்டே வந்திருக்கும். இவ்வளவுக்குப் பிறகு ஒரு கையைக் கண்டு அது சீறாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

ஒரு வாரத்தில் பழகும் என்பது கையில் ஊட்டி வளர்த்த குஞ்சுக்கு வேண்டுமானால் பொருந்தும். தாயும் தகப்பனும் பெரிய கூண்டில் வளர்த்த குஞ்சு அப்படியில்லை, வாரக்கணக்கும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம். வயதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். சாம்பல் நிறத்தில் ஆணும் பெண்ணும் சின்ன வயதில் ஒன்றுபோலவே மங்கலான முகத்தோடு இருக்கும். ஆறு மாதத்தை ஒட்டி முதல் இறகுதிர்ப்பு நடந்த பிறகுதான் ஆணின் முகம் பளிச்சென்று மஞ்சளாகும். உங்கள் பறவைக்கு வாங்கும்போதே முகம் நல்ல மஞ்சளாக இருந்திருந்தால் அது நான்கு மாதக் குஞ்சாக இருக்க வாய்ப்பு குறைவு.

முதலில் கூண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கூடத்தின் நடுவில், நாலு பக்கமும் ஆட்கள் நடமாடும் இடத்தில் இருந்தால் அதற்கு ஒளிய இடமில்லை. ஒரு பக்கமாவது சுவரை ஒட்டியிருக்கட்டும், உயரம் உங்கள் மார்பு அல்லது கண் மட்டத்தில் இருக்கட்டும், தரையில் வேண்டாம். ஆட்கள் இருக்கும் அறையாக இருக்க வேண்டும், சமையலறையாக இருக்கக் கூடாது.

அடுத்து, கொண்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். காக்டெயில் வளர்ப்பதில் பெரிய வசதியே இதுதான், மனதில் இருப்பதைத் தலையிலேயே எழுதி வைத்திருக்கும். கொண்டை நேராக விறைத்து நின்றால் ஏதோ சத்தத்தையோ அசைவையோ கவனிக்கிறது, அல்லது பயந்திருக்கிறது. பாதி சாய்ந்து தளர்வாக இருந்தால் நிம்மதி. தலையோடு தலையாக ஒட்டிப் படிந்து, வாயைத் திறந்து, சீறி, உடம்பை ஆட்டினால், "இதற்கு மேல் வராதே" என்று அர்த்தம். நீங்கள் எழுதியிருக்கும் சீறலும் ஆட்டமும் அதுதான். கடி என்பது அதற்கும் பிறகு வருவது. அதாவது உங்கள் பறவை முதலில் சொல்லிப் பார்க்கிறது, கேட்காததால் கடிக்கிறது.

இனி செய்ய வேண்டியது. சில நாட்களுக்குக் கையை உள்ளே விடுவதை முழுக்க நிறுத்துங்கள், தீனியும் தண்ணீரும் மாற்றுவதற்குத் தவிர. அதையும் தினமும் ஒரே நேரத்தில், மெதுவாக, என்ன செய்யப்போகிறீர்கள் என்று பேசிக்கொண்டே செய்யுங்கள். மற்ற நேரத்தில் கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், கீரை ஆயலாம், பேப்பர் படிக்கலாம். அதை உற்றுப் பார்க்காமல் இருப்பது முக்கியம், இரண்டு கண்ணும் முன்னால் வைத்து வெறித்துப் பார்ப்பது வேட்டையாடும் பிராணிகளின் வழக்கம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அது தீனி சாப்பிட ஆரம்பித்தால், இறகைக் கோதிக்கொண்டால், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அலகை நறநறவென்று அரைத்தால், முதல் கட்டம் முடிந்தது.

அப்புறம்தான் லஞ்சம். தினைக் கதிர் வாங்கிக்கொள்ளுங்கள், செல்லப்பிராணிக் கடைகளில் முழுக் கதிராகவே கிடைக்கும். இனிமேல் அந்தக் கதிர் கிண்ணத்தில் கிடைக்கக் கூடாது, உங்கள் கையிலிருந்து மட்டும்தான். ஆரம்பத்தில் கதிரின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறுநுனியைக் கம்பி வழியாக நீட்டுங்கள். கொத்தித் தின்னப் பழகியதும் நாளாக நாளாகக் கதிரைக் குட்டையாக்குங்கள். பிறகு பக்கவாட்டுக் கதவைத் திறந்து வாசலிலேயே கதிரோடு கையை நிறுத்துங்கள், உள்ளே துரத்திப் போகாதீர்கள். அது இருக்கும் இடத்துக்குக் கை போவதைவிட, கை இருக்கும் இடத்துக்கு அது வர வேண்டும். ஒருமுறை ஐந்து பத்து நிமிடம் போதும், ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, அதுவும் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பட்டினி போட்டால் சீக்கிரம் வழிக்கு வரும் என்று சிலர் சொல்வார்கள், 100 கிராம் பறவையைப் பட்டினி போட்டால் வழிக்கு வராது, செத்துப்போகும்.

கையருகே பயமில்லாமல் தின்ன ஆரம்பித்த பிறகு, விரலைக் கட்டைபோல் நீட்டி, அதன் வயிற்றுக்குக் கீழே, கால்களுக்குச் சற்று மேலே லேசாகத் தொட்டு "ஏறு" என்று சொல்லுங்கள். சொல் எதுவாகவும் இருக்கலாம், வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னால் சரி. ஏறினால் உடனே தினை. இந்த இடத்தில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். காக்டெயிலுக்கு அலகு மூன்றாவது கால். ஏறுவதற்கு முன் கிளை உறுதியானதா என்று அலகால் பிடித்துப் பார்க்கும், உங்கள் விரலையும் அப்படித்தான் மெல்லப் பிடிக்கும். கடிக்கப்போகிறது என்று நீங்கள் வெடுக்கென்று இழுத்தால், இந்தக் கிளை ஆடுகிற கிளை என்று முடிவுகட்டிவிடும், அடுத்த தடவை நிஜமாகவே கடிக்கும்.

நிஜமாகக் கடித்தால்? கத்தாதீர்கள், உதறாதீர்கள், அலகில் சுண்டாதீர்கள், முகத்தில் ஊதாதீர்கள், கூண்டை இருட்டாக மூடித் தண்டனை கொடுக்காதீர்கள். கடித்தவுடன் கையை இழுத்தால் "கடித்தால் கை போய்விடுகிறது" என்று கற்றுக்கொள்ளும் என்பது உண்மை. அதனால் கடிக்கக் கடிக்கக் கையை வைத்துக்கொண்டே இரு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. சரிசெய்ய வேண்டிய இடம் கடிக்கு முன்னால் இருக்கிறது. கொண்டை படிந்த அந்த நொடியிலேயே கையை நிறுத்தி, மெதுவாக ஓர் அங்குலம் பின்னால் எடுங்கள். கொண்டை தளர்ந்ததும் மறுபடி. சீறினாலே கேட்கிறார்கள் என்று தெரிந்த பறவைக்கு, கடிக்க வேண்டிய வேலை இல்லாமல் போகும்.

முதல்முறை வெளியே விடும்போது ஜன்னல்களுக்குத் திரைபோடுங்கள், கண்ணாடி இருப்பது அதற்குத் தெரியாது, வேகமாகப் போய் மோதும். மலையில் பெரும்பாலான வீடுகளில் மின்விசிறி இல்லை, அந்த மட்டும் நிம்மதி. ஆனால் பழைய வீடாக இருந்து கணப்பு இருந்தால் அதன் வாயை அட்டையால் அடையுங்கள், வாளித் தண்ணீரை மூடிவையுங்கள்.

நன்றாகப் பழகிய பறவை, தோளிலேயே இருக்கும். போன மாதம் பால்கனியில் கூண்டை வைத்திருந்தபோது குரங்குகள் வந்து கூண்டைப் பிடித்து உலுக்கிவிட்டன. அன்றிலிருந்து யார் கிட்டே போனாலும் கடிக்கிறது, ராத்திரியில் திடீரென்று படபடவென்று அடித்துக்கொள்கிறது.
*வாசகர், குன்னூர்*

குன்னூரில் பால்கனியில் கூண்டு வைப்பது நாட்டுக் குரங்குக்கு அழைப்பு வைப்பதுதான். அதன் கைக்குக் கம்பி ஒரு தடையே இல்லை. கூண்டுக்குள் இருக்கும் தீனிக்காக வந்திருக்கும், பறவைக்காக அல்ல, ஆனால் அது பறவைக்கு எப்படித் தெரியும்?

முதலில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இறக்கையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, ஒரு காலை ஊன்றாமல் இருக்கிறதா, இறகுத் தண்டில் ரத்தம் இருக்கிறதா? வளரும் இறகின் தண்டுக்குள் ரத்த ஓட்டம் இருக்கும், அது உடைந்தால் நிறையக் கசியும். சோளமாவை வைத்துச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் ஓட வேண்டும். வலி இருக்கிற பறவை கடிக்கத்தான் செய்யும், அதைப் பழக்கிச் சரிசெய்ய முடியாது.

காயம் இல்லையென்றால் கூண்டை உள்ளே, குரங்கு தெரியும் ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். தகரக் கூரை வீடு என்றால் கூரைமேல் குரங்குகள் ஓடும் சத்தமே அதற்குப் போதும், கான்கிரீட் தளத்துக்குக் கீழே இருக்கும் அறை ஏதாவது இருந்தால் அங்கே மாற்றுங்கள். ராத்திரி அடித்துக்கொள்வது காக்டெயிலுக்கே உள்ள ஒரு தொந்தரவு, இருட்டில் ஏதோ சத்தம் கேட்டு விழித்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பறக்கப் பார்க்கும். சின்ன விடிவிளக்கு ஒன்று எரியட்டும், கூண்டை முழுக்க மூடாமல் மூன்று பக்கம் மட்டும் மூடுங்கள். அடித்துக்கொள்ளும்போது கையை உள்ளே விடாதீர்கள், விளக்கைப் போட்டுவிட்டுத் தணிந்த குரலில் பேசினால் போதும்.

பழக்குவதை மேலே கோத்தகிரி வாசகிக்குச் சொன்ன முதல் படியிலிருந்து தொடங்குங்கள். உங்களுடையது ஏற்கெனவே மனிதரை நம்பிய பறவை, அதனால் வேகமாகத் திரும்பிவிடும். தோளில் மட்டும் இப்போதைக்கு ஏற்றாதீர்கள், கொண்டையைப் பார்க்க முடியாத இடம், காதுக்கும் கண்ணுக்கும் பக்கம்.

டிசம்பரிலிருந்து எங்கள் காக்டெயில் உப்பிப்போய் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தொட்டால் கடிக்கிறது. குளிருக்காகக் கரி அடுப்பு மூட்டிப் பக்கத்தில் வைக்கிறோம், கூண்டுத் துணியில் நீலகிரித் தைலமும் நாலு சொட்டு விடுகிறோம். வேறு என்ன செய்யலாம்?
*வாசகர், ஊட்டி*

தயவுசெய்து அந்தக் கரி அடுப்பை இன்றைக்கே வெளியே எடுங்கள். பறவைக்காக மட்டும் சொல்லவில்லை. மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, தூங்குகிற மனிதரையும் எழுப்பாமலே கொன்றுவிடும். பறவைகளின் நுரையீரல் காற்றிலிருந்து எதையும் நம்மைவிட வேகமாக இழுத்துக்கொள்ளும், அதனால் அவை முதலில் விழும். தைலமும் வேண்டாம். நமக்குச் சளிக்கு நல்லது என்பதால் அதற்கும் நல்லது என்று ஆகிவிடாது, அவ்வளவு காரமான ஆவி அதன் மூச்சுக்குழாயை எரிக்கும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே எல்லாம் இதே கணக்குதான். நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வெறுமனே காயவிட்டால் வரும் புகை பக்கத்து அறையில் இருக்கும் பறவையைக்கூடச் சில நிமிடங்களில் கொல்லும்.

நீங்கள் கேட்டது கடிப்பதைப் பற்றி. ஆனால் பகல் முழுக்க உப்பி உட்கார்ந்திருக்கும் பறவைக்குப் பிரச்சினை பயம் இல்லை, உடம்பு. மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா, எச்சம் தண்ணீராக இருக்கிறதா, தீனி குறைந்திருக்கிறதா என்று கவனித்து, ஒன்று இருந்தாலும் பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், காத்திருக்க வேண்டாம். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும், வெளியே தெரிகிறது என்றால் ஏற்கெனவே முற்றியிருக்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைத்தால் அந்த மறைப்பு பலிக்காது. எச்சத்தைச் சுத்தம் செய்யும்போது ஈரத்துணியால் துடையுங்கள், கிளி இனத்துக் காய்ச்சல் ஒன்று காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக மனிதருக்கும் வரும்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், உறைபனி விழும் ஊர். படிப்படியாகப் பழகிய ஆரோக்கியமான காக்டெயில் ஓரளவு குளிரைத் தாங்கும், ஆனால் கதவிடுக்கில் வரும் ஊதைக்காற்றையும், கீழ்நாட்டிலிருந்து ஒரே நாளில் மேலே கொண்டுவரும் மாற்றத்தையும் தாங்காது. கூண்டைச் சுவரோரம் மாற்றிக் கம்பளியால் மூன்று பக்கம் மறைத்து, தேவையென்றால் ஒரு பக்கம் மட்டும் புகையில்லாத மின்சார ஹீட்டர் வையுங்கள், சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். இன்னொன்று தீனி. மலை ஈரத்தில் விதைகள் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், அந்தப் பூசணம் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் மீட்பது கஷ்டம். மூட்டையாக வாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி இறுக்கமான டப்பாவில் வையுங்கள், முகர்ந்து பார்த்தால் பழைய வாசனை வந்தால் கொட்டிவிடுங்கள்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். என் காக்டெயிலுக்கு ஒரு வயது, பெயர் சொன்னால் பறந்து வரும். இப்போது கண்ணாடி முன்னால் இறக்கையை இதயம் மாதிரி விரித்து விசிலடித்துக்கொண்டே இருக்கிறான். கூண்டில் வைத்திருக்கும் மரப்பெட்டி பக்கம் கை போனால் ரத்தம் வரும்படி கடிக்கிறான். என்மேல் கோபமா?
*மாணவர், கொடைக்கானல்*

கோபமில்லை தம்பி, வயது. அவன் கண்ணாடியில் ஜோடி கண்டுபிடித்துவிட்டான், பெட்டியில் வீடும் கண்டுபிடித்துவிட்டான், நீ அந்த வீட்டுக்குள் கைவிடுகிற ஆள். கண்ணாடியையும் பெட்டியையும் அவன் பார்க்காத நேரத்தில் எடுத்துவிடு. சோபாவுக்கு அடியில், அலமாரிக்குள் என்று இருட்டான பொந்து தேடிப் போனால் தடுத்துவிடு. தலையையும் கழுத்தையும் மட்டும் சொறிந்து விடு, முதுகையும் இறக்கைக்கு அடியிலும் தடவாதே, அது ஜோடிப் பறவை செய்கிற வேலை. பரீட்சைக்காக ராத்திரி பதினொரு மணிவரை விளக்கெரிய அவன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாயா? நீளமான வெளிச்சம் இருந்தால் இனப்பெருக்கக் காலம் என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். அவனுக்கு 12 மணி நேரம் அமைதியான இருட்டு வேண்டும் (அந்த விடிவிளக்கு தவிர), நீ வேறு அறையில் படி. சில வாரங்களில் தணிந்துவிடுவான்.

தலையைக் குனிந்து சொறியக் கேட்டுவிட்டு, சொறிந்ததும் திரும்பிக் கொத்துகிறான் என்றால், கழுத்தில் முள்முள்ளாகப் புது இறகு முளைக்கிறதா என்று பார். அதை எதிர்த்திசையில் தள்ளினால் வலிக்கும்.

எங்கள் தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் நிறையக் காய்க்கிறது. பறவைக்குக் கையிலிருந்து ஊட்டிப் பழக்கலாமா?
*வாசகி, தாண்டிக்குடி*

கூடவே கூடாது. பட்டர் ஃப்ரூட்டில் இருக்கும் பெர்சின் என்ற பொருள் பறவைகளுக்கு நஞ்சு, இதயத்தையும் மூச்சையும் பாதிக்கும், சிறிய பறவைக்குக் கொஞ்சம் போதும். பழம், இலை, கொட்டை எதுவும் வேண்டாம், வெட்டிய கத்தியைக்கூடக் கழுவிவிட்டு மற்றதை நறுக்குங்கள். உங்கள் மலையில் விளைவதில் காபிக்கொட்டையும் பூண்டும் இதே பட்டியல்தான், ஊட்டி, கொடைக்கானல் கடைகளில் விற்கும் வீட்டுச் சாக்லேட்டும் சேர்த்தி. குழந்தைகள் ஆசையாக ஒரு துண்டு நீட்டிவிடுவார்கள், அவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

கேரட்டைத் துருவிக் கொடுங்கள், வெறும் விதையே தின்னும் பறவைகளுக்கு வைட்டமின் ஏ குறையும், அதற்கு நல்லது. பீட்ரூட் இலை, கொத்தமல்லி, மலைவாழையில் விரல்நுனி அளவு, எல்லாம் நன்றாகக் கழுவிய பிறகு. மருந்தடித்த தோட்டத்துக் காய் என்றால் கொடுக்காமல் இருப்பதே மேல். சூரியகாந்தி விதை கொழுப்பு, அதைக் கிண்ணத்தில் நிரப்பாமல் பரிசாக மட்டும் வைத்துக்கொண்டால் பழக்குவதற்கும் உதவும். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள், கணவாய் ஓடுதான் அது, கூண்டில் மாட்டிவிட்டால் தானே கொறித்துக்கொள்ளும்.

இறக்கையை வெட்டிவிட்டால் சீக்கிரம் பழகும் என்று கடையில் சொன்னார்கள். உண்மையா?
*வாசகர், அருவங்காடு*

பறக்க முடியாததால் உங்களிடமே இருக்கும், அதைப் பழகியது என்று சொல்லிக்கொள்ளலாம். பயந்த பறவைக்கு இருக்கும் முதல் வழி பறந்து தப்பிப்பது. அதை வெட்டிவிட்டால் மிச்சமிருப்பது கடிப்பது ஒன்றுதான். கடிக்கும் பறவைக்கு இறக்கை வெட்டச் சொல்லும் யோசனை எனக்கு என்றைக்குமே புரிந்ததில்லை. வெட்டினால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். அடுத்த இறகுதிர்ப்பில் முழு இறகு முளைத்துவிடும், நமக்குத் தெரிவதற்குள் ஒரு நாள் வாசலில் நிற்கும்போது காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். உங்கள் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்கிய பறவையைத் தேடுவது நடக்கிற காரியமா? ஜன்னலுக்கு வலையடித்து, வெளியே விடும் நேரத்தில் வாசல் கதவைத் தாழிடுவது நல்லது. வேறு காரணத்துக்காக வெட்டியே ஆக வேண்டும் என்றால் டாக்டரிடம் செய்யுங்கள், கடையில் கத்தரிக்கோலோடு நிற்பவரிடம் வேண்டாம். ரத்த ஓட்டம் உள்ள இறகை வெட்டிவிடுவார்கள், ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிடுவார்கள், தொப்பென்று விழுந்து நெஞ்செலும்பு பிளந்துவிடும்.

ஒன்று வைத்திருக்கிறேன், பழகவில்லை. இன்னொன்று வாங்கிவிட்டால் இரண்டும் சேர்ந்து பழகுமா?
*வாசகி, லவ்டேல்*

இரண்டும் ஒன்றோடொன்று பழகும், உங்களோடு பழகுவது தள்ளிப்போகும். வீட்டில் பகல் முழுக்க ஆளில்லை என்றால் இரண்டாவது பறவை வாங்குவது நியாயம்தான், கூட்டமாக வாழும் பறவை தனியாக இருந்தால் ஏங்கும். அதற்காக வாங்குங்கள், பழக்குவதற்காக வாங்காதீர்கள். புதிதை ஒரு மாதம் வேறு அறையில் வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே சேருங்கள்.

தோட்டத்தில் மரம் வெட்டும்போது பொந்திலிருந்து இரண்டு பச்சைக்கிளிக் குஞ்சுகள் கிடைத்தன. காக்டெயிலோடு சேர்த்து வளர்க்கலாம் என்று பார்க்கிறேன். எப்படிப் பழக்குவது?
*வாசகர், கூடலூர்*

பழக்கக் கூடாது. நம் நாட்டுக் கிளி எதையும் வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், குஞ்சாக இருந்தாலும், நல்ல எண்ணத்தில் எடுத்திருந்தாலும். உங்கள் பக்கத்தில் கிடைத்தது மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் நீலச் சிறகுக் கிளியாகக்கூட இருக்கலாம். காக்டெயில் வெளிநாட்டிலிருந்து வந்து பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது, அதை வைத்துக்கொள்ள இந்தச் சட்டம் குறுக்கே வராது. இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் துணிபோட்டுக் கதகதப்பாக வைத்து, எதுவும் ஊட்டாமல் வனத்துறை அலுவலகத்தில் இன்றே ஒப்படையுங்கள்.

காலமான என் அண்ணனின் காக்டெயில், ஒன்பது வயது. அவர் அதைத் தொட்டதே இல்லை, கூண்டிலேயே இருந்தது. எனக்கும் அறுபத்தெட்டு வயதாகிறது. இனிமேல் இது பழகுமா, இல்லை யாருக்காவது கொடுத்துவிடலாமா?
*வாசகர், வெலிங்டன்*

கொடுக்க வேண்டாம் ஐயா, முயன்று பாருங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் காக்டெயில் 15, 20 வருடம் இருக்கும், ஒன்பது என்பது நடுவயதுதான். ஏற்கெனவே ஆள் போன வருத்தத்தில் இருக்கும் பறவை, இடம் வேறு மாறியிருக்கிறது. கூண்டையும் கிண்ணத்தையும் குச்சியையும் பழையபடியே வைத்திருங்கள், அண்ணன் எந்த நேரத்தில் தீனி போட்டாரோ அதே நேரத்தில் போடுங்கள்.

கையில் ஏறுமா என்று கேட்டால், ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். இந்த வயதுவரை தொடப்படாத பறவைக்குக் கைக்குப் பதில் ஒரு குச்சியில் ஏறப் பழக்குவது சுலபம், அரையடி நீளக் கொய்யாக் குச்சி போதும், குச்சியின் மறுமுனையில் நீங்கள். அதுவே உங்களுக்கும் கடி வாங்காத வழி. கதவைத் திறந்துவைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்கு ரேடியோ கேளுங்கள், கூண்டின் மேலே வந்து உட்காருகிறதா பாருங்கள். அது ஆணாக இருந்தால் விசில் பிடித்துக்கொள்ளும், ஒரே மெட்டைத் தினமும் காலையில் அடித்துக் காட்டுங்கள். பதில் விசில் வந்தால் எழுதி அனுப்புங்கள், என்ன மெட்டு என்பதையும் சேர்த்து.